வெள்ளையை எண்ணுவதில்லை

எங்கள் வீட்டு அடுக்களையில், அரிசிப் பானைக்குப் பின்னால், அரைவட்ட வடிவில் ஒரு தேக்குக் கட்டை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கனம் இரண்டு அங்குலம். காய் நறுக்குவதற்கென்று அப்பா தம் கையால் இழைத்து அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மா ஒரு வாரம் அதில் நறுக்கிப் பார்த்துவிட்டு, கத்தி மழுங்குகிறது என்று சொல்லித் தம் பழைய புளியங்கட்டைக்கே திரும்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். தேக்கின் உடம்பில் மணல் சத்து உண்டு. இழைப்புளியின் அலகையே அரை நாளில் மழுக்கிவிடுகிற மரம் அடுக்களைக் கத்தியை விட்டுவைக்குமா? ஆனாலும் அந்தக் கட்டையை யாரும் தூக்கி எறியவில்லை. ரங்கூனிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான் அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, நடுவிலிருந்து விளிம்பு வரை வளையங்களை எண்ணுகிறேன். 49 இருக்கின்றன. முதலில் நான் எண்ணியபோது 56 இருந்தன.

சிரியம் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்லும் தன்லினில்தான் எங்கள் வீடு. கொல்லையில் நின்ற அந்தத் தேக்கைத் தாத்தா நட்ட மரம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 1960-இல் தாத்தா இந்த மனைக்கு வந்து வீட்டுக்குக் கால் நாட்டிய அன்றே, ஐயர் கொடுத்த சொம்பில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றி அந்தக் கன்றையும் நட்டாராம். சொன்னவர் அப்பத்தா. நாங்கள் அதன் கொழுந்திலையை உள்ளங்கையில் கசக்கி, ஊறுகிற சிவப்புச் சாற்றை வாயோரம் பூசிக்கொண்டு, பல் விழுந்துவிட்டது என்று அவரிடம் ஓடுவோம். ஒவ்வொரு முறையும் அவர் பதறுவார். ஏமாந்தது தெரிந்ததும், "உங்க தாத்தா நட்ட மரத்தை மொட்டையடிக்கிறீங்களே" என்று திட்டுவார். திட்டில்கூட அந்த வாக்கியம் தவறாமல் இடம்பெறும்.

அந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமற்போய், நம்மவர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, தாத்தாவின் அண்ணனும் தம்பியும் பெட்டி கட்டினார்கள். தாத்தா மட்டும் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில், "நட்ட மரத்தை விட்டுட்டு எங்கே போறது?" என்பதாம். நாங்கள் ஏன் பர்மாவிலேயே இருந்துவிட்டோம் என்ற கேள்விக்குப் பள்ளியில், கோயிலில், சென்னையிலிருந்து வந்த உறவினர்களிடத்தில், நான் அறுபது முறையாவது இந்தப் பதிலைத் திருப்பிச் சொல்லியிருப்பேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நல்ல பதில்தானே.

நின்ற மரமும் படுத்த மரமும்

நர்கிஸ் அடித்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம் உண்டு. 2008 மே 2-ஆம் நாள் ஐராவதி முகத்துவாரத்தில் கரையேறிய அந்தப் புயலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். அப்படிப்பட்ட நாளில் எங்கள் வீட்டு மரம் விழுந்தது என்று பேசுவதற்கே பல ஆண்டுகள் கூச்சமாக இருந்தது. எங்களுக்கு நேர்ந்தது அவ்வளவுதான்: மறுநாள் விடியும் நேரத்தில் காற்று திசை மாறி வீசியபோது, தேக்கு வேரோடு சாய்ந்து அடுக்களைக் கூரையின் மேல் விழுந்தது, ஆள் யாரும் அடியில் இல்லை. வேர்கள் பிடித்திருந்த மண்ணோடு ஆளுயரச் சுவர் ஒன்று கொல்லையில் எழுந்து நின்றது. அதன் அடியில் இருந்த குழியில் பகலுக்குள் மழைநீர் நிரம்பித் தவளை வந்துவிட்டது.

அடுத்த சில நாட்களில் ஊரே மரம் வெட்டிக்கொண்டிருந்தது. சாலைகளை அடைத்துக் கிடந்த தூங்குமூஞ்சி மரங்களைப் பிக்குகளும் தெருக்காரர்களும் வெட்டுக்கத்தியாலும் கைவாளாலும் துண்டு துண்டாக அப்புறப்படுத்தினார்கள். மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆகும் என்பது தெரிந்துவிட்டதால், எங்கள் தேக்கின் கிளைகள் தெரு முழுவதற்கும் விறகாகப் போயின. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. அடிமரத்தை வேரிலிருந்து அறுத்துப் பிரிப்பதற்குத்தான் வேலை தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து மரம் அறுக்கும் பர்மியக் கிழவர் ஒருவர் வந்தார். நாங்கள் அவரை ஊலே என்று அழைப்போம், மாமா என்பதுபோல. அவர் வாளை வைக்கும் முன் முதலில் செய்த காரியம், குழியின் பக்கம் நின்ற பிள்ளைகளை விரட்டியதுதான். காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்தது. மரத்தின் பாரம் நீங்கியதும், எழுந்து நின்ற அந்த மண்சுவர் ஒரு பெருமூச்சோடு பின்னால் சாய்ந்து, தன் குழியிலேயே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. தவளை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மூன்றடி உயர அடிக்கட்டை, எதுவுமே நடக்காததுபோல, பழைய இடத்தில் நிமிர்ந்து நின்றது.

கொல்லையில் கிடந்த தண்டை ஊலே ஒரு கயிற்றால் சுற்றி அளந்தார். நடுச் சுற்றளவு 64 அங்குலம், நீளம் 18 அடி. இந்த நாட்டில் மரக் கணக்கு இன்னும் வெள்ளைக்காரர் காலத்து முறைப்படிதான் நடக்கிறது: சுற்றளவில் காற்பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 64-இல் கால் 16 அங்குலம்; பெருக்கினால் 32 கன அடி. 50 கன அடி ஒரு டன். முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான தேக்கு, கூரை இழந்த ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவரின் கொல்லையில் கிடந்தது. அது பெரிய பணம். அப்பாவின் முகம் வெளிறியது அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான்.

ஏனென்றால் தேக்கு அப்போது இங்கே யாருடைய கொல்லையில் நின்றாலும் அரசுடையதாக இருந்தது. மன்னர்கள் காலத்தில் அது அரச மரம், அதாவது அரசனுடைய மரம். ஆங்கிலேயர் அந்த உரிமையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1992-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும், நாட்டில் எங்கே நிற்கும் தேக்கும் அரசுக்கே உடைமை என்று சொன்னது. தாத்தா நட்டது என்று பெருமை பேசிய மரத்தின் ஒரு கிளையைக்கூட எங்கள் வீட்டில் யாரும் கேட்காமல் வெட்டியதில்லை. தமிழ்நாட்டில் பர்மா தேக்கு என்றால் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் நினைவுக்கு வரும். அந்தத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட என் சென்னை உறவினர் ஒருவர், உங்கள் ஊரில் விறகுக்கே தேக்குதானாமே என்று என்னிடம் கேட்டிருக்கிறார். கொண்டுபோனவர்கள் வீட்டில் அது தூணாக நின்றது. இருந்தவர்கள் வீட்டில் அது ஒரு பயமாக நின்றது.

சித்தப்பா நீதிமன்றத் தாழ்வாரத்தில் மனு எழுதிக் கொடுப்பவர். அவர் சட்டத்தின் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டார். "நிக்கிற தேக்குன்னுதான் சட்டம் சொல்லுது அண்ணே. இது படுத்த தேக்கு." அப்பா அசையவில்லை. நின்றபோது அவர்களுடையதாக இருந்தது விழுந்ததும் எப்படி நம்முடையதாகும் என்பது அவர் வாதம். இருவரும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், கூரையில்லாத அடுக்களையில் உட்கார்ந்து, ஒரு பெயரெச்சத்தைப்போல அந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பேசியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. எழுதிக் கேட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னதற்கு, கேட்டால் ஒரு பதில் வரும், பதில் வந்தால் அதன்படி நடக்க வேண்டும் என்றார் அப்பா. ஆகவே கேட்கவில்லை. புயலில் கழன்று விழுந்த தகரங்களில் தேறாதவற்றைத் தண்டின் மேல் போட்டு, செங்கற்களை அடியில் கொடுத்து, சுற்றிலும் சுள்ளியை அடுக்கினோம். அதன் மேல் கோழிகள் குடியேறின.

நான்கு ஆண்டுகள்

அந்த மரம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. பாழாகிறதே என்று நான் ஒவ்வொரு விடுமுறையிலும் புலம்பினேன். அப்போது நான் தச்சு வேலையைப் பொழுதுபோக்காகப் பழக ஆரம்பித்திருந்தேன். சந்தையில் வாங்கிய ரப்பர் மரத்துண்டுகளில் முக்காலி செய்து அவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஊலே சொல்லித்தான் தெரிந்தது, எங்கள் பயம் தேக்குக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று. அந்தக் காலத்தில் காட்டில் தேக்கை வெட்டியவர்கள் அவசரப்பட்டதில்லை. அடியில் பட்டையையும் அதன் உள்ளே இருக்கும் வெள்ளையையும் வைரம் தெரியும்வரை சுற்றிலும் வெட்டி, மரத்தை நின்றபடியே சாகவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. காய்ந்தால்தான் மிதக்கும், மிதந்தால்தான் ரங்கூனுக்கு வந்து சேரும். எங்கள் மரம் எந்த ஆற்றிலும் மிதக்க வேண்டியிருக்கவில்லை என்றாலும், காத்திருந்ததில் தவறில்லை.

கெட்டது வெள்ளைதான். வைரம், வெள்ளை என்ற இந்த இரண்டு சொற்களும்தான் மீதிக் கதை. வைரம் என்பது நடுவில் பழுப்பேறிய முற்றிய பகுதி. எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு கசந்த தோல் வாசனையும் கொண்டது. கரையான் அதைத் தொடாது. வெள்ளை என்பது பட்டைக்கு அடுத்திருக்கும் வெளிர்ந்த பகுதி, மரம் உயிரோடிருக்கும்போது தண்ணீர் ஏறும் வழி. தேக்கின் புகழ் முழுவதும் வைரத்தின் புகழ். வெள்ளையைக் கரையான் அப்பளம்போலத் தின்றுவிடும். எங்கள் தண்டில் அது ஒன்றேகால் அங்குலம் இருந்தது. தரையைப் பார்த்த பக்கத்தில் மண்புற்றாகவே மாறிவிட்டிருந்தது. தகரம் மூடியிருந்த மேல்பக்கத்தில் மட்டும், கோழிகள் கரையானைக் கொத்தித் தின்றதாலோ என்னவோ, சேதமில்லாமல் எஞ்சியிருந்தது.

2012 டிசம்பரில், மழை ஓய்ந்து மண் காய்ந்தபின், அப்பா தாமாகவே அறுத்துவிடலாம் என்றார். நாட்டில் காற்று கொஞ்சம் மாறியிருந்தது. அல்லது அவருக்கு வயதாகிவிட்டது. அறுவை ஆலைக்குக் கொண்டுபோகும் பேச்சே இல்லை. வனத்துறையின் சுத்தியல் முத்திரை விழாத தேக்கை எந்த ஆலையும் உள்ளே விடாது. முத்திரை இருந்தாலுமே வீட்டு மரம் என்றால் ஆலைக்காரர்கள் கையை விரிப்பார்கள்: கொடிக்கயிறு கட்ட அடித்த ஆணி, விளக்கு மாட்ட அடித்த ஆணி என்று எதை எதை மரம் விழுங்கியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஓர் ஆணி போதும், ஆலை வாளின் பல் முழுவதும் போய்விடும். எங்கள் தண்டிலும் மூன்று இருந்தன. இரும்பு பட்ட இடத்தைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோல நீலக்கறுப்பாக நிறம் மாறியிருந்ததால், வாள் போய்ச் சேரும் முன்னரே ஊலே இரண்டைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவதை வாள் கண்டுபிடித்தது. ஊலேயும் அவர் மகனும், ஒருவர் சாரத்தின் மேலும் ஒருவர் கீழுமாக நின்று, ஆறு நாட்களில் ஒன்றரை அங்குலக் கனத்தில் பத்துப் பலகைகள் எடுத்தார்கள். புதிதாக அறுத்த முகத்தில் பச்சையும் கறுப்புமாக அழுக்குக் கோடுகள் தெரிந்தபோது, பூஞ்சை பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். இரண்டு நாள் வெயில் பட்டதும் அவை தாமாகவே பொன்னிறமாகிவிட்டன. தேக்கின் குணம் அது.

எண்ணியது

பலகை அறுக்கும் முன், வெடித்துப்போன அடிமுனையை ஓரடி அளவு வெட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. அந்தக் கழிவுத் துண்டிலிருந்து இரண்டு அங்குலத் தகடு ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கீழ்ப்பாதி புற்றாக இருந்ததால் மேல்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, முகத்தை உளியால் சுத்தமாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்தேன். தேக்கில் வளையம் எண்ணுவது சுலபம். மழைக்காலத் தொடக்கத்தில் வளரும் மரத்தில் பெரிய துளைகள் வரிசையாக அமைந்து, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்தையும் புள்ளிக்கோடு போட்டதுபோலக் காட்டிவிடும்; கோடையில் இலையுதிர்த்து மரம் நின்றுவிடும். எனக்கு இருந்த நோக்கம் ஒன்றே ஒன்றுதான். தாத்தா நட்ட ஆண்டின் வளையத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, அப்பாவிடம் காட்ட வேண்டும். 1960-இல் நட்டு 2008 மே மாதத்தில் விழுந்தால் 48 வளையங்கள். கன்று நட்டபோது ஒரு வயது என்றால் 49.

பட்டையிலிருந்து உள்ளே போனேன். பத்துக்கு ஒரு குண்டூசி. நான்காவது ஊசி குத்தியபின் நடுவைச் சென்றடைய இன்னும் நிறையத் தூரம் இருந்தது. இளமரம் வேகமாக வளர்ந்திருக்கும், நடு வளையங்கள் அகலமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அகலமாகத்தான் இருந்தன; ஆனாலும் 56 இருந்தன. இன்னொரு கோட்டில் எண்ணினேன். 56. மரம் முளைத்தது 1952 வாக்கில். தாத்தா இந்த மனையில் கால் நாட்டியபோது அது எட்டு வயது மரம். ஓட்டுக்கூரை உயரத்துக்கு மேலே நின்றிருக்கும்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் வீட்டு வேலைகளுக்கெல்லாம் வருகிற எங்கள் தமிழ் ஆசாரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்; அப்பாவும் வந்துவிட்டார். சொன்னேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார். முடித்ததும் எதுவும் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு, நடுவில் மழை விட்டுப் பெய்த ஆண்டுகளில் ஒன்றுக்கு இரண்டாக வளையம் விழாதா என்று கேட்டார். விழலாம், எப்போதாவது ஒன்று இரண்டு, எட்டு விழாது. பெரிய கன்றாக வாங்கி வந்து நட்டிருக்கலாமே என்றார். ஆசாரிதான் அதற்குப் பதில் சொன்னார்: தேக்கை நடுகிறவர்கள் ஒரு வருடக் கன்றின் தண்டையும் வேரையும் நறுக்கிக் குச்சியாகத்தான் நடுவார்கள், எட்டு வருட மரத்தைப் பெயர்த்து நடுவதென்றால் யானை வேண்டும். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல அவர் வெற்றிலைப் பையைத் துழாவினார்.

அப்பா அந்தத் தகட்டைக் கையில் எடுத்தார். விளிம்பிலிருந்த வெளிர்ந்த பகுதியின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். "இந்த வெள்ளையையும் சேர்த்தா எண்ணினே?" என்றார். ஆமாம் என்றேன். வெள்ளையில் ஏழு வளையங்கள் இருந்தன, வைரத்தில் 49. ஆசாரி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மிகவும் தொழில்முறையான குரலில் சொன்னார்: "தச்சு வேலையிலே வெள்ளையை நாங்க கணக்குலே எடுக்கிறதில்லைங்க, தம்பி. அது செத்தைதானே."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பலகை விலை பேசும்போது வெள்ளையைக் கழித்துத்தான் பேசுவார்கள். அன்று மாலை அப்பா அந்தத் தகட்டின் விளிம்பை வளைவாளால் அறுத்து, வெள்ளையை முழுவதும் நீக்கி, இழைத்து, எண்ணெய் தடவி, காய் நறுக்க வைத்துக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்தார். வெள்ளை இருந்தால் ஈரத்தில் அழுகும். நீக்கியது முறையான வேலை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இப்போது யார் எண்ணினாலும் 49 வரும்; அப்பத்தாவின் கணக்கோடு ஒரு வளையம்கூடப் பிசகாமல் பொருந்தும்.

இதை எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். அப்பத்தா பொய் சொன்னாரா? அவர் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர். கணவர் சொன்னதைச் சொல்லியிருப்பார். தாத்தா சொன்னாரா என்பதுகூட உறுதியில்லை. கப்பலேறுகிற அண்ணன் தம்பிகளின் முன்னால் ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டிய நேரத்தில், கொல்லையைக் கைகாட்டியிருக்கலாம். போகாததற்கு உண்மையான காரணங்கள் எனக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தன: கப்பல் கட்டணம், இருவருக்குக் கொடுக்க வேண்டிய கடன், அப்பத்தா அப்போது மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்தது. இவற்றில் எதையும் கேட்டவர் தலையாட்டும்படி சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது தாத்தா சொன்னது அல்ல; நான் அறுபது முறை சொன்னது. வேறு யாரோ, இந்த மனையில் எங்களுக்கு முன்னால் குடியிருந்த ஒரு பர்மியரோ, கரென் இனத்தவரோ, நட்டுவிட்டுப் போன மரத்தைக் காட்டி, அதனால்தான் நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று நான் அந்த மனிதரின் பேரப்பிள்ளைகளிடமே சொல்லியிருக்கலாம்.

ஊஞ்சல்

பலகைகளை வீட்டின் அடித்தளத் தூண்களுக்கிடையே, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளைக் கொடுத்து அடுக்கி, முனைகளில் பழைய பெயின்டைத் தடவிக் காயவிட்டோம். அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது கணக்கு. கட்டையாக நான்கு ஆண்டு கிடந்ததைக் கணக்கில் சேர்க்கலாம் என்று நான் வாதாடினேன். பட்டையோடு கிடந்த கட்டையின் உள்ளே ஈரம் எங்கும் போயிருக்காது என்று ஆசாரி மறுத்துவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பலகைகள், கிளை கிளைத்த இடத்துக் கணுக்களின் அருகே, முறுக்கிக்கொண்டிருந்தன. கொல்லையில் தனியாக வளரும் மரம் காட்டு மரம்போல் நேராக ஓடாது. வெயில் எல்லாப் பக்கமும் கிடைப்பதால் தாழவே கிளைத்துவிடும். கணு இல்லாத பலகைகளில் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து ஐந்தரை அடி நீளத்தில் ஓர் ஊஞ்சற்பலகை செய்யலாம் என்று முடிவாயிற்று. கதவு செய்தால் தெருவுக்குத் தெரியும் என்பதும் அந்த முடிவில் உண்டு.

ஒட்டும் வேலையை நான் கேட்டு வாங்கிக் கெடுத்தேன். இழைத்த விளிம்புகளை ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து, பிறகு பசை தடவி இறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பா உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும்போது மூட்டு நீளவாக்கில் விட்டுக்கொண்டது. தேக்கின் எண்ணெய் மேலே கசிந்து பசையைப் பிடிக்கவிடாது என்பதை ஆசாரி அப்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். இரண்டாம் முறை, விளிம்பை மீண்டும் இழைத்த கையோடு ஸ்பிரிட்டால் துடைத்து, உடனே ஒட்டி, உள்ளே மரமுளைகளும் வைத்தோம். அது இன்றுவரை நிற்கிறது. அப்பா தம் கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் அதன் மேல்தான் இருந்தார். வருகிறவர்களிடம், எங்கள் அப்பா நட்ட மரம் என்று சொல்வார். நான் வேறு எங்காவது பார்ப்பேன். அவர் 2019-இல் இறந்தார்.

புயலில் விழுந்து தன் குழியிலேயே திரும்பி உட்கார்ந்த அடிக்கட்டையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தேக்கு வெட்டினால் துளிர்க்கிற மரம். அந்த ஆண்டு மழையிலேயே அதன் பட்டையோரம் ஏழெட்டுத் தளிர்கள் வந்தன. அப்பா ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டார். அந்த ஒன்று இப்போது வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது, மழைக்காலத்தில் பூக்கிறது, என் மகள் அதன் கொழுந்தைக் கசக்கி வாயில் பூசிக்கொண்டு ஓடிவருகிறாள். கொல்லையில் மறுபடியும் ஒரு நிற்கும் தேக்கு.

சித்தப்பாவின் மகன், அவனும் மனு எழுதும் கை உள்ளவன், சென்ற மாதம் வந்திருந்தபோது, 1992-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2018-இல் புதிய வனச் சட்டம் வந்துவிட்டது, இனி நட்டு வளர்த்தவருக்கு உரிமை உண்டு, இந்த மரத்தையாவது முறைப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றான். ஒரு தாளை எடுத்து அவனே எழுதவும் ஆரம்பித்துவிட்டான். மனையின் விவரம், மரத்தின் சுற்றளவு எல்லாம் எழுதியபின், நட்டவர் பெயர் என்று நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். அம்மா புளியங்கட்டையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "உங்க தாத்தா பேரையே எழுதிக்கச் சொல்லு" என்றார். எந்த ஆண்டு நட்டதாக எழுதுவது என்று அவன் கேட்டான். "புயல் அடிச்ச வருஷம்தான்" என்றார் அம்மா. தாத்தா 1987-லேயே இறந்துவிட்டாரே அம்மா என்று நான் சொன்னபோது, அவர் கட்டையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.